பணியிடப் பாகுபாடு வழக்குகளை நடத்தும் வக்கீலாக வேண்டுமா? புதிதாக வருபவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள்

சட்டக் கல்லூரி முடித்துவிட்டு வரும் பிள்ளைகளில் சிலர், வேலை இடத்தில் சாதி, பால், மதம், மாற்றுத்திறன் என்று பார்த்து ஒதுக்கப்படுகிறவர்களுக்காக மட்டும் வழக்காட வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பாதிப்பேர் மனதில் இருப்பது அமெரிக்கா. அங்கே 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் இருக்கிறது, புகாரை வாங்கி விசாரிக்கத் தனியாக ஓர் ஆணையம் இருக்கிறது, அதை மட்டுமே செய்து பிழைக்கும் வக்கீல்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இங்கே அப்படி எல்லாப் பாகுபாட்டையும் ஒன்றாகப் பிடிக்கும் ஒற்றைச் சட்டம் கிடையாது. அரசியல் சாசனத்தின் 14, 15, 16ஆவது பிரிவுகளைக் காட்டி அரசு வேலையில் சண்டை போடலாம். தனியார் முதலாளியிடம் அதை நேரடியாக நீட்ட முடியாது.

அதனால் நீங்கள் செய்யப்போவது தொழிலாளர் சட்டமும் பணிச் சட்டமும்தான். பாகுபாடு அதற்குள் ஒளிந்துகொண்டு வரும். பணிநீக்கமாக வரும், மதுரையிலிருந்து குவாஹாத்திக்கு இடமாற்றமாக வரும், மூன்று வருடமாகக் கிடைக்காத பதவி உயர்வாக வரும். வழக்குக் கட்டின் மேல் அதன் பெயர் எழுதியிருக்காது. அதைக் கண்டுபிடித்து, இருக்கிற ஏதாவது ஒரு சட்டப் பிரிவுக்குள் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் இந்தத் தொழிலின் சாமர்த்தியம். தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னையில் தொடங்குகிறவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

கோட்டு போடும் வரை

இது சுருக்கமான பகுதி. ஐந்து வருடப் படிப்போ, பட்டத்துக்குப் பிறகு மூன்று வருடப் படிப்போ, எதுவானாலும் சரி. தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, பதிவுக் கட்டணமாகச் சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அப்புறம் அகில இந்திய பார் தேர்வைப் பதிவு செய்த இரண்டு வருடத்துக்குள் எழுதித் தேறிவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். கல்லூரியில் இருக்கும்போதே செய்யவேண்டியது ஒன்று உண்டு: விடுமுறையில் ஒரு மாதமாவது ஏதாவது தொழிற்சங்க அலுவலகத்தில் போய் உட்காருங்கள். பெரிய வக்கீல் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் செய்தால் ஜெராக்ஸ் எடுக்கத் தெரியும். சங்க அலுவலகத்தில் உட்கார்ந்தால், ஓர் ஆலைக்குள் யார் யாரை எப்படி நடத்துகிறார்கள் என்பது தெரியும்.

சீனியரைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பாரிமுனையில், தம்புச்செட்டித் தெருவிலும் லிங்கிச்செட்டித் தெருவிலும் ஏறி இறங்கினால் எங்கேயாவது இடம் கிடைக்கும். ஆனால் சிவில், கிரிமினல், செக் கேஸ் எல்லாம் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் நான்கு வருடம் போய்விட்டால் பிறகு தொழிலாளர் பக்கம் திரும்புவது கஷ்டம். முதலிலிருந்தே தொழிலாளர் நீதிமன்றத்திலும் அரசு ஊழியர்களின் பணி பற்றி உயர் நீதிமன்றத்தில் நடக்கும் சர்வீஸ் வழக்குகளிலும் தினமும் நிற்கிற ஒருவரைத் தேடுங்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? காஸ் லிஸ்டை, அதாவது அன்றைக்கு நீதிமன்றத்தில் வரும் வழக்குகளின் பட்டியலை எடுங்கள், தொழிலாளர், சர்வீஸ் வழக்குகளில் எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள், அவர் வாதாடும் நாளில் போய்ப் பின்னால் நின்று கேளுங்கள். ஒரு வாரம் கேட்டால் போதும், யார் கட்டைப் படித்துவிட்டு வருகிறார், யார் வாய்தா வாங்க வருகிறார் என்று தெரிந்துவிடும்.

தொழிலாளர் பக்கமா, நிர்வாகத் தரப்பா என்று கேட்பார்கள். என் அபிப்பிராயம் கொஞ்சம் பேருக்குப் பிடிக்காது: ஆரம்பத்தில் ஓரிரு வருடம் நிர்வாகத் தரப்பு அலுவலகத்தில் இருப்பது தப்பில்லை. ஒருவரை வெளியே அனுப்புவதற்கு முன்னால் மனிதவளத் துறை எப்படிக் காகிதம் சேர்க்கிறது, எச்சரிக்கை மெமோவை எந்தச் சொல்லில் எழுதுகிறது என்பதெல்லாம் உள்ளே இருந்து பார்த்தால்தான் புரியும். அங்கே பார்த்த நிறுவனத்துக்கு எதிராகப் பிறகு வக்காலத்து போடக்கூடாது, அந்தக் கட்டில் தெரிந்துகொண்டதை வெளியே பேசவும் கூடாது.

சம்பளம் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. எல்லாச் சேம்பரிலும் அது கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

எதைப் படிப்பது

தொழில் தகராறுகள் சட்டம், 1947. சரி, அது இப்போது பழைய சட்டம். 2025 நவம்பர் 21 முதல், பழைய சட்டங்களை ஒன்றாகச் சேர்த்து எழுதிய நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனாலும் பழையதைப் படிக்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் எழுபது வருடத் தீர்ப்புகளும் அதன் சொற்களில்தான் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பிரிவு எங்கே போயிற்று என்று நீங்களே ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். கடையில் விற்கிற அட்டவணை வேண்டாம், கையால் போட்டால்தான் மனதில் நிற்கும். சம ஊதியச் சட்டம் 1976 போய், ஊதியத் தொகுப்பின் 3ஆவது பிரிவு வந்திருக்கிறது. மகப்பேறு நலச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. தனிநபர் பணிநீக்கத் தகராறு எழுப்ப முன்பு மூன்று வருடம் இருந்தது, இப்போது இரண்டுதான். இந்த ஒரு மாற்றம் தெரியாமல் கட்சிக்காரரிடம் "இன்னும் நேரம் இருக்கிறது" என்று சொன்னால் அவர் கதை முடிந்தது.

இதோடு சேர்த்துப் படிக்கவேண்டியவை: 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம், 2019 திருநர் பாதுகாப்புச் சட்டம், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஒவ்வொன்றிலும் வேலைவாய்ப்பைத் தொடும் பிரிவுகள் சில பக்கங்கள்தான் வரும்.

தீர்ப்புகளில், தலைப்புக் குறிப்பை மட்டும் படிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெண் என்பதால் பதவி உயர்வு மறுக்கப்பட்டதாக வெளியுறவுப் பணி அதிகாரி முத்தம்மா போட்ட 1979 வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த மனு கடைசியில் தள்ளுபடி ஆனது, அதற்குள் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள் என்பதைக் கவனிப்பவர் குறைவு. வழக்கு போட்ட பிறகு எதிர்த்தரப்பு இறங்கி வருவது எவ்வளவு பழைய உத்தி பாருங்கள். 1981 ஏர் இந்தியா வழக்கில், முதல் முறை கர்ப்பமானால் விமானப் பணிப்பெண்ணின் வேலை போய்விடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அதே தீர்ப்பில் ஆண் பணியாளருக்கு ஒரு வயது, பெண்ணுக்கு ஒரு வயது என்ற ஓய்வு வித்தியாசத்தை அனுமதித்தது. தோற்ற பாதியையும் படித்தால்தான் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியும். பெண் சுருக்கெழுத்தாளர்களின் சம்பளம் பற்றிய 1987 ஆட்ரி டிகோஸ்டா தீர்ப்பை ஒப்பீடு என்றால் என்ன என்று கற்றுக்கொள்வதற்காகவே இரண்டு முறை படிக்கலாம். நம் ஊர் வழக்கு வேண்டுமென்றால், 2015இல் திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்காக நடத்திய வழக்கும், 2025 மே மாதம் தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை உமாதேவிக்கு உச்ச நீதிமன்றம் மகப்பேறு விடுப்பு கொடுத்த வழக்கும். முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், மறுமணத்தில் ஒரு குழந்தை, விதிப்படி விடுப்பு இல்லை என்றார்கள். தனி நீதிபதியிடம் ஜெயித்து, இரண்டு நீதிபதிகள் உட்காரும் டிவிஷன் பெஞ்சில் தோற்று, டெல்லியில் மறுபடி ஜெயித்தார்.

கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும்

ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையக் காகிதத்தோடு வருவார்கள். முதல் அரைமணி நேரம் எதையும் குறுக்கே கேட்காதீர்கள். அழுவார்கள், மேலாளரின் குடும்பத்தைத் திட்டுவார்கள், பத்து வருடத்துக்கு முந்தைய போனஸ் பிரச்சினைக்குப் போவார்கள். போகட்டும். அதற்குப் பிறகு ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் தேதி, வலது பக்கம் என்ன நடந்தது. கவரில் இருக்கிற ஒவ்வொரு காகிதமும் ஒரு வரி.

ஓர் உதாரணம். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்த பெண், வேலைத்திறன் குறைவு என்று நீக்கப்பட்டிருக்கிறார். கதையாகக் கேட்டால் மேலாளர் கெட்டவர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தேதித் தாளைப் போட்டதும் தெரிகிறது: ஜனவரியில் சம்பள உயர்வுக் கடிதம், அதில் "சிறப்பான பங்களிப்பு" என்று ஒரு வரி. மார்ச் 11, கர்ப்பமாக இருப்பதாக மின்னஞ்சல். மார்ச் 18, முதல் மெமோ. ஏப்ரலில் இரண்டு மெமோ. மே மாதம் பணிநீக்கம். முக்கால்வாசி வழக்கு அந்த ஏழு நாள் இடைவெளியில் இருக்கிறது.

அடுத்த கேள்வி: அதே வேலை, அதே நிலை, ஆனால் இந்தக் காரணம் இல்லாத இன்னொருவருக்கு என்ன நடந்தது? அவரும் அதே இலக்கைத் தவறவிட்டாரா, அவருக்கு மெமோ வந்ததா? ஒப்பிட ஓர் ஆள் கிடைத்தால் வழக்கு நிற்கும். கிடைக்கவில்லை என்றால் அநியாயம் நடந்தது என்று காட்டலாம், பாகுபாடு என்று நிரூபிப்பது கடினம். அதைக் கட்சிக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஜெயித்துவிடலாம் என்று சொல்லிக் கட்டை வாங்குகிற வக்கீல்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள்.

ராஜினாமா செய்யச் சொல்லி மிரட்டப்படுகிறவர் போனில் கூப்பிட்டால், உங்கள் முதல் வாக்கியம் "எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்" என்பதாக இருக்கட்டும். ஏற்கெனவே போட்டுவிட்டார் என்றால், கட்டாயத்தின் பேரில் எழுதி வாங்கினார்கள், திரும்பப் பெறுகிறேன் என்று அன்றைக்கே ஒரு மின்னஞ்சலும், மறுநாள் ஒரு பதிவுத் தபாலும் போகவேண்டும். ஒரு மாதம் கழித்து அதைச் சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை.

எங்கே போடுவது

வழக்கை எங்கே போடுவது என்பது கட்சிக்காரர் யார் என்பதைப் பொறுத்தது. மாநில அரசு ஊழியர் என்றால் நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, தென்மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. மாநில நிர்வாகத் தீர்ப்பாயத்தை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17ஏ, 17பி மெமோக்கள் என்றால் என்ன என்று தெரியாமல் இந்த வழக்குகளைத் தொடாதீர்கள். ஒன்று சிறு தண்டனைக்கு, மற்றது வேலையையே எடுக்கக்கூடியது. மத்திய அரசு ஊழியர் என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், அங்கே காலக்கெடு பொதுவாக ஒரு வருடம்.

தனியார் துறை என்றால் முதலில் கேட்கவேண்டியது, அவர் சட்டப்படி "தொழிலாளி"யா என்பது. பதவியின் பெயரைப் பார்க்காதீர்கள். டீம் லீடர், அசிஸ்டன்ட் மேனேஜர் என்று அட்டையில் போட்டிருக்கும், செய்கிற வேலை கணினியில் பதிவு போடுவதாக இருக்கும். யாருக்கு லீவு சாங்ஷன் செய்தார், யாரை வேலைக்கு எடுத்தார், யார் மேல் நடவடிக்கை எடுக்க அதிகாரம் இருந்தது என்று கேளுங்கள். ஐடி ஊழியர் என்றால் தொழிலாளர் சட்டமே பொருந்தாது என்று சிலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள், அது சரியில்லை. 2015 ஜனவரியில் சென்னையில் ஒரு பெரிய ஐடி நிறுவனம் கர்ப்பிணி ஊழியர் ஒருவரை நீக்கியபோது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, நிறுவனம் பிறகு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. தொழிலாளி என்று காட்ட முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவு இருக்கிறது, பலர் மறந்துவிடுகிற பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நீக்கினால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் கெடு மிகக் குறைவு, உத்தரவு கைக்கு வந்த நாளே அதைப் பாருங்கள். நிர்வாகப் பொறுப்பில் உச்சியில் இருப்பவருக்கு இதுவும் பொருந்தாது.

தொழிலாளி என்றால் முதலில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி. சென்னையில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துப் படிகளை நிறைய ஏறுவீர்கள். அங்கே நடப்பதைச் சடங்கு என்று நினைத்து ஜூனியரை அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்கிற சீனியர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நிர்வாகம் முதன்முதலாகத் தன் காரணத்தை எழுத்தில் சொல்லுகிற இடம் அதுதான், பிறகு நீதிமன்றத்தில் வேறு காரணம் சொன்னால் இந்தக் காகிதத்தைத்தான் காட்டப்போகிறீர்கள். இன்னொன்று, தொழிலாளர் நீதிமன்றத்தில் வக்கீல் ஆஜராக எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இரண்டு பக்கமும் வக்கீல் வைத்துக்கொள்வார்கள், என்றாலும் விதி தெரிந்திருக்கட்டும். பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க நிறுவனத்துக்குள்ளேயே அமைக்கும் உள்ளகக் குழுவின் முன் வக்கீல் போகவே முடியாது. அங்கே உங்கள் வேலை, மூன்று மாதக் கெடுவுக்குள் புகாரைத் தேதி வாரியாக எழுதிக் கொடுத்து, கேள்விகளுக்கு அவரைத் தயார் செய்வது மட்டும்தான்.

சில சமயம் வழி நீங்கள் எதிர்பாராத இடத்தில் இருக்கும். நிறங்களைப் பிரித்துப் பார்க்க முடியாத பார்வைக் குறைபாடு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட தெலுங்கானா அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாற்று வேலை கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் பெரும்பங்கு வகித்தது, 1979இல் தொழிற்சங்கத்தோடு போடப்பட்ட ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து. அதனால் கட்சிக்காரரின் நிறுவனத்தில் சங்கம் இருந்தால், தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3), 18(1) பிரிவுகளின்படி நிர்வாகத்தோடு போட்ட பழைய ஒப்பந்தங்களை எல்லாம் கேட்டு வாங்குங்கள். சங்கத்து அலமாரியில் தூசியோடு கிடக்கும்.

சாட்சியம்

வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்து மனுவோடு கோர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடும் இருக்க வேண்டும். கட்சிக்காரர் போனை மாற்றப்போகிறேன் என்றால் தடுத்து நிறுத்துங்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட அன்றே அவருடைய அலுவலக மின்னஞ்சல் கணக்கு முடங்கிவிடும், அதனால் தன் சொந்த சம்பளச் சீட்டு, மதிப்பீட்டுக் கடிதம் போன்றவற்றை முன்கூட்டியே வைத்திருப்பது நல்லது; ஆனால் நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளை அள்ளிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள், திருட்டு என்று அவர் மேல் புகார் வரும். அரசு அலுவலகம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாயில் சீனியாரிட்டி பட்டியலையே வாங்கலாம்.

ஆள் எடுக்கும் கட்டத்தில் நடக்கும் பாகுபாடுதான் நிரூபிக்க மிகக் கடினம். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஆலையில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்ற குற்றச்சாட்டு 2024 ஜூனில் செய்தியானது, மத்திய அரசு அறிக்கை கேட்டது. வேலைக்கு எடுப்பதிலும் பாலின வேறுபாடு காட்டக்கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கேட்டில் நின்றிருந்த ஏஜென்ட் வாயால் சொல்லித் திருப்பி அனுப்பியதற்குக் காகிதம் எங்கே?

குறுக்கு விசாரணை பற்றி ஒன்றே ஒன்று. மேலே சொன்ன உதாரணத்தில் மனிதவள மேலாளர் கூண்டில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக் கடிதத்தில் கையெழுத்து உங்களுடையதா? ஆமாம். கர்ப்பம் பற்றிய மின்னஞ்சல் உங்களுக்கு வந்தது என்றைக்கு? மார்ச் 11. அவருக்கு ஆறு வருடத்தில் முதல் மெமோ என்றைக்கு? மார்ச் 18. உட்கார்ந்துவிடுங்கள். "அப்படியானால் கர்ப்பம்தானே காரணம்?" என்று கேட்கிற ஆசை தொண்டை வரை வரும். கேட்டால் அவர் பத்து நிமிடம் விளக்கம் சொல்லுவார், அது அத்தனையும் பதிவாகும். அந்தக் கேள்வியை வாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிழைப்பு

வேலை போனவர்தான் உங்கள் கட்சிக்காரர், ஆகவே பணம் இல்லாதவர். ஜெயித்தால் வருவதில் இத்தனை சதவீதம் என்று பேசுவது இங்கே பார் கவுன்சில் விதிப்படி தவறு. விளம்பரமும் செய்யக்கூடாது. தொழிற்சங்கங்கள், பெண்கள் அமைப்புகள், மாற்றுத்திறனாளி சங்கங்கள் மூலமாகத்தான் கட்டுகள் வரும், ஒரு வழக்கை ஒழுங்காக நடத்தினால் அதே ஆலையிலிருந்து இன்னும் நான்கு பேர் வருவார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் சேர்ந்துகொள்ளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. தொகை சிறியது, ஆனால் நீங்களே நின்று பேசும் வாய்ப்பு சீனியர் அலுவலகத்தில் கிடைப்பதைவிட அங்கே சீக்கிரம் கிடைக்கும். நிறுவனங்களின் உள்ளகக் குழுவில் வெளி உறுப்பினராக இருக்கப் பெண்கள் அமைப்புகள் வழியாக அழைப்பு வரலாம், அதற்கும் ஒரு தொகை கிடைக்கும். நிர்வாகத்துக்கு வேண்டியபடி கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள், நகரம் சின்னது, பெயர் கெட்டுவிடும்.

நிறைய வழக்குகள் தீர்ப்பு வரை போகாது, நடுவில் பேசி முடியும். அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. ஐந்து வருடம் அலைந்து மறுவேலை உத்தரவு வாங்கி, மேல்முறையீட்டில் இன்னும் மூன்று வருடம் என்பதைவிடப் பலருக்கு அது நல்லது. ஆனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். அனுபவச் சான்றிதழில் "நீக்கப்பட்டார்" என்ற சொல் இருக்கக்கூடாது. கிராஜுவிட்டியும் பிஎஃபும் அந்தத் தொகைக்குள் அடங்கியதா, தனியா என்று எழுத்தில் இருக்க வேண்டும். வருமான வரிப் பிடித்தம் யார் தலையில் என்று தெளிவாக வேண்டும். பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது என்று கட்சிக்காரர் பாஸ்புக்கைக் காட்டிய பிறகுதான் வழக்கை வாபஸ் வாங்கும் மெமோவில் கையெழுத்து, காசோலையைப் பார்த்துவிட்டு அல்ல.